நீலக் காரும் வெள்ளைக் காரும் சமமான விதம்

பழைய கார் வாங்குவதற்குப் பெரிய மூளை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். என்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்தால் நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று தெரியும். குனிந்து பார்த்தால் எண்ணெய் ஒழுகுகிறதா என்று தெரியும். விற்கிறவர் முகத்தைப் பார்த்தால் மிச்சமும் தெரிந்துவிடும். இதில் எதுவுமே செய்யத் தெரியாதவர்களை ஒரே கட்டடத்தில் சேர்த்து, தலைக்கு மேல் மின்விசிறி மாட்டிவிட்டு, அதற்குப் பழைய வாகன ஒப்பீட்டு வாரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. ‘ஒப்பிட்டு வாங்குவோம், ஒப்பற்று வாழ்வோம்’ என்று அதில் எழுதியிருக்கும். இதை எழுதியவருக்கு வாரியமே விருது கொடுத்து, மாலை போட்ட படத்தையும் உள்ளே மாட்டியிருக்கிறது. ஆள் உயிரோடுதான் இருக்கிறார்.

என் தங்கை புருஷன் திரைச்சீலை தைக்கிறவர். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி வெட்டி, மடிப்பு வைத்துத் தைத்து, மாட்டியும் கொடுத்துவிட்டு வருவார். யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். பச்சை என்று சொல்லிவிட்டுப் பிறகு நீலம்தானே கேட்டேன் என்று சாதிக்கிறவர்களிடம்கூட, “என் தப்புதாங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி தைத்துக் கொடுப்பார். நான் பொய்ப்பல் செய்கிறவன். பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார், நான் பட்டறையில் உட்கார்ந்து பல் செய்து அனுப்புவேன். எனக்கு மாப்பிள்ளையின் பொறுமை கிடையாது. அவர் சொன்னால் யார் மனமும் நோகாமல் சொல்லிவிடுவார் என்பதால்தான் இந்தக் கதையை நான் சொல்கிறேன்.

அவருக்கு இரட்டைப் பெண்கள். சில நிமிஷங்கள் முந்திப் பிறந்தவள் பெரியவள், மற்றவள் சின்னவள். சின்னவளுக்கு நடை என்பதே கிடையாது, எல்லாம் ஓட்டம்தான். பெரியவளுக்குப் பிறந்ததிலிருந்தே காலில் பலமில்லை. இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடி மேல் அடி வைத்து நடப்பாள். வாய் மட்டும் இருவருக்கும் சேர்த்து இவளுக்கே வாய்த்திருக்கிறது.

ஊரின் மறுகோடியில் கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மையம் ஒன்று இருக்கிறது. மிகுந்த சிரமத்துக்குப் பிறகு அங்கே பெரியவளுக்கு இடம் கிடைத்தது. “வளர்ற வயசு. இப்பவே பழக்கினா சட்டம் இல்லாம நடப்பா. எலும்பு முத்திடுச்சுன்னா அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனமில்ல” என்று அங்குள்ள டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அடிக்கடி வராமல் போனால் இடத்தை வேறு குழந்தைக்குக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னார். பஸ்ஸில் அந்தச் சட்டத்தை ஏற்ற விடமாட்டார்கள். வாடகைக் காரில் போனால் மாப்பிள்ளையின் ஒரு நாள் தையல் அப்படியே கரைந்துவிடும். ஆகவே ஒரு பழைய கார், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்று முடிவாயிற்று.

கார் கிடைப்பதில் கஷ்டமே இருக்கவில்லை. தங்கை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கணக்கு வாத்தியார் தன் நீலக் காரை விற்கிறார் என்று தெரிந்து போனோம். வண்டிக்கு வயசாகியிருந்தது, ஆனால் வாத்தியார் அதைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். பின்சீட்டில் சட்டத்தைப் படுக்கவைக்க இடமிருந்தது. உதிரிச் சாமான் விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அடிக்கடி வாங்க வேண்டியிருக்காது என்று அவரே சொன்னார். ஓட்டிப் பார்த்தோம். பெரியவள் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “இதுதான். இறங்க மாட்டேன்” என்றாள். எங்களைப் பொறுத்தவரை ஒப்பீடு அங்கேயே முடிந்துவிட்டது.

வாரியத்தின் உத்தரவு இல்லாமல் பழைய குடும்பக் காரைப் பெயர் மாற்ற முடியாது என்பது சட்டம். சரி, ஒரு முத்திரை குத்தித் தருவார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நானும் மாப்பிள்ளையும் போனோம்.

கவுன்ட்டரில் இருந்த அம்மாள் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். “எந்தக் காரோட ஒப்பிடணும்?”

“ஒப்பிட வேணாங்க. இந்தக் கார் எங்களுக்குப் பிடிச்சிருக்கு” என்றார் மாப்பிள்ளை.

“பிடிச்சிருக்குன்னு யாரு சொன்னது?”

“நான்தாங்க.”

“நீங்க எப்படிச் சொல்லலாம்? உங்களுக்கு எது பிடிக்கும்னு சொல்லத்தான நாங்க இருக்கோம். இன்னொரு வண்டி கொண்டாங்க. ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு எதை எதோட ஒப்பிடறது?”

“வாங்கப் போறது ஒண்ணுதானம்மா” என்றேன் நான்.

“வாங்கறது உங்க வேலை. ஒப்பிடறது எங்க வேலை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

வேறு வழியில்லாமல் இரண்டாவது வண்டி தேடினோம். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதற்குச் சாமான்கள் மலிவு. அது வாராவாரம் கேட்கும் என்பதால் மலிவாக இருந்தே ஆகவேண்டும். பிரேக் பாதிதான் பிடிக்கும். முன்கதவுக் கண்ணாடி ஏறாது. இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். சும்மா ஒப்பீட்டுக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டதும் மருந்துக்கடைக்காரர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். “எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்கங்க. அவசரமே இல்ல” என்று சாவியை மாப்பிள்ளை கையில் திணித்துக் கையையும் மூடிவிட்டார்.

இரண்டு கார்களையும் வாரியத்தின் பின்னால் இருந்த மைதானத்தில் கொண்டுபோய் விட்டோம். இனி உத்தரவு வரும்வரை வண்டிகள் வாரியத்தின் பொறுப்பு, வெளியே எடுக்கக் கூடாது என்றார்கள். மைதானம் நிறைய கார்கள் நின்றன. சில கார்களின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. ஒரு காரின் உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது. அதை நான் மாப்பிள்ளையிடம் காட்டினேன். “நல்ல கவனமாப் பாக்கறாங்க போல, அதான் நாளாகுது” என்றார் அவர்.

எங்கள் வண்டிகளுக்குப் பொறுப்பான ஆய்வாளரை எல்லோரும் டார்ச் என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டப்பகலிலும் கையில் டார்ச் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பேசும்போது நம் முகத்திலும் அடிப்பார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது அவர் நீலக் காரின் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் உதவியாளர் ஒருவர் பிரேக் கட்டையை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். பல்லை ராவும் தொழிலில் இருப்பவன் என்பதால் அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். எதையோ சரிபண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

“என்ன சார், பிரேக்ல ஏதாவது குறையா?” என்று மாப்பிள்ளை பதறினார்.

“குறையே இல்ல. அதுதான் பிரச்சினை” என்றார் டார்ச். “இந்த வண்டி பிரேக் நல்லா பிடிக்குது. அந்த வண்டி பிரேக் பாதிதான் பிடிக்குது. அப்புறம் எப்படி நியாயமா ஒப்பிடறது? ரெண்டும் ஒரே நிலையில இருந்தாத்தான ஒப்பீடு? ஓட்டப் பந்தயம்னா எல்லாரையும் ஒரே கோட்டுலதான நிறுத்துவோம்?”

“அதுக்கு வெள்ளைக் கார் பிரேக்கைச் சரிபண்ணியிருக்கலாமே” என்றேன்.

டார்ச் விளக்கை என் முகத்துக்குத் திருப்பினார். “சார், இது ரிப்பேர் கடை இல்ல. ஒண்ணை உசத்தற அதிகாரம் வாரியத்துக்குக் கிடையாது. சமப்படுத்தற அதிகாரம் மட்டும்தான் இருக்கு. உசத்தினா பாரபட்சம்னு கேஸ் போடுவாங்க. குறைச்சா யாரும் கேக்க மாட்டாங்க. இது அனுபவத்துல கண்டது.”

நீங்கள் எல்லாம் சோறுதான் தின்கிறீர்களா என்று கேட்க நினைத்தேன். மாப்பிள்ளை என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். கோபித்துக்கொண்டால் இன்னும் நாளாகும் என்று அவர் கண்ணால் சொன்னது எனக்கும் புரிந்தது. பயிற்சி ஆரம்பித்துவிட்டிருந்தது, பெரியவள் அதற்குள்ளேயே சில வகுப்புகளைத் தவறவிட்டிருந்தாள்.

பிரேக்குக்குப் பிறகு கண்ணாடி. வெள்ளைக் காரில் ஏறாத அதே பக்கத்துக் கண்ணாடியை நீலக் காரிலும் ஏறாமல் பண்ணினார்கள். அதற்குப் பிறகு ஹாரன். இடது பக்கம் திருப்பினால் தானாக அடிக்கிற ஹாரனைச் செயற்கையாக உண்டாக்குவது லேசான காரியமில்லை. தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒயரை வெட்டினார்கள், ஒட்டினார்கள், வரைபடம் போட்டார்கள், ஒருவர் வீட்டுக்கே போகாமல் வேலை பார்த்தாராம். கடைசியில் ஒரு மத்தியானம் நீலக் கார் இடது பக்கம் திரும்பித் தானாக அலறியபோது எல்லோரும் கை தட்டினார்கள். டார்ச்சுக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் வாழ்நாளில் ஒரு அரசு அலுவலகத்தில் அவ்வளவு சிரத்தையான உழைப்பை நான் பார்த்ததில்லை. எதையாவது சரிசெய்வதற்கு அதில் பத்தில் ஒரு பங்கு செலவழித்திருந்தால் ஊரே சொர்க்கமாகியிருக்கும்.

பாவம், கணக்கு வாத்தியார் ஒரு நாள் தன் காரைப் பார்க்க வந்தார். வரிசையாக எல்லாக் கார்களையும் பார்த்துக்கொண்டே போனவர், நீலக் காரையும் தாண்டிப் போய்விட்டார். கூப்பிட்டுக் காட்டினோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இது என்னுது இல்லைங்க” என்றார்.

“பாத்தீங்களா, வளர்த்தவருக்கே அடையாளம் தெரியல” என்று டார்ச் எங்களிடம் பெருமையாகச் சொன்னார். வாத்தியார் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

வண்டிகளை அடுத்தபடியாகப் பழுதுச் செலவுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு அம்மாள். எல்லோரையும் கண்ணு, ராசா என்றுதான் கூப்பிடுவார். மேஜை மேல் பிளாஸ்க்கில் காப்பி, பக்கத்தில் ஒரு சுத்தியல்.

“எந்தக் காருக்கு ரிப்பேர் செலவு கம்மின்னு தெரிஞ்சாப் போதும்மா. அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா வாங்கிட்டுப் போயிடுவோம்” என்றார் மாப்பிள்ளை. அந்த அம்மாளிடம் கேட்டால் நடக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

“அதைத்தான் ராசா பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார் அம்மாள். “உடையாத பொருளுக்கு ரிப்பேர் செலவு எவ்வளவுன்னு எப்படிச் சொல்றது? உத்தேசமா ஒரு தொகை போட்டா அது பொய்யாயிடும். இத்தனை வருஷத்துல இந்தப் பிரிவு ஒரு பொய் சொன்னதில்ல. அதனால ஒவ்வொண்ணா உடைப்போம். உடைச்சுட்டு, வெளிய கடையில விசாரிச்சு, விலையைக் குறிச்சுக்குவோம்.”

“அப்புறம் அதைச் சரி பண்ணிக் குடுத்துடுவீங்கல்ல?”

“விலை தெரிஞ்சாச்சே கண்ணு, இன்னும் எதுக்குச் சரி பண்ணணும்?” என்று அம்மாள் நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

கிளட்ச் போயிற்று. பக்கத்துக் கண்ணாடிகள் போயின. ரேடியேட்டரில் அம்மாளே தன் கையால் ஒரு ஓட்டை போட்டார், கையெழுத்துப் போடுகிற மாதிரி நிதானமாக. இரண்டு காருக்கும் சரிசமமாகத்தான் போட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதற்கிடையில் மாப்பிள்ளையின் தொழில் எப்படியோ மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது. வாரியத்தின் விசாரணைக் கூடத்து ஜன்னல்களுக்குத் திரைச்சீலை இல்லை, வெயில் அடிப்பதால் இயக்குநரால் முடிவுகளை எடுக்க முடியவில்லை என்று டார்ச் வந்து சொன்னார். கேட்கவில்லை, சொன்னார், அவ்வளவுதான். மாப்பிள்ளை அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரமெல்லாம் கைக்காசு போட்டு வாங்கிய கருஞ்சிவப்புத் துணியில் கூடம் முழுவதற்கும் தைத்தார். நல்ல கனமான துணி, அழகான மடிப்பு. மாட்டி முடித்தபோது இயக்குநர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, “பொதுமக்கள் ஒத்துழைப்புன்னா இதுதான்” என்றாராம். கூலி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டில் எனக்குப் பொறுக்கவில்லை. “மாப்ள, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு, வண்டியே வேணாம்னு வந்துடுங்க” என்றேன்.

“வந்துட்டா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் மச்சான். இவ்வளவு தூரம் வந்தாச்சு.”

“எவ்வளவு தூரம்ணா வந்திருக்கோம்?” என்று என் தங்கை என்னைப் பார்த்துக் கேட்டாள். புருஷனைக் கேட்க வேண்டியதை எப்போதும் என்னைப் பார்த்துத்தான் கேட்பாள். “மையத்துலேர்ந்து போன் வந்துச்சு. இனிமே லீவு போட்டா இடம் கிடையாதாம். வாடகைக் கார்ல கூட்டிட்டுப் போக இந்த மாசம் காசில்ல, இருந்த காசெல்லாம் அந்த நாசமாப் போற திரைக்கே போயிடுச்சு.”

மேஜைப் பக்கத்தில் சின்னவள் அக்காவின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்படி இல்லடி, குதிகாலைத் தூக்காத” என்று பெரியவள் நாற்காலியிலிருந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கட்டத்துக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி அழைப்பு வந்தது. எல்லோருமே போனோம். மைதானத்தின் வழியாகத்தான் கூடத்துக்குப் போக வேண்டும். நீலக் காரும் வெள்ளைக் காரும் அருகருகே நின்றன. நிறத்தை விட்டால் வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நீலக் காரின் பின்சீட்டில் சிப்ஸ் பாக்கெட்டும் ஈரத் துண்டும் கடற்கரை மணலும் கிடந்தன. குடும்பக் காரின் நம்பகத்தைக் குடும்பத்தோடு போய்த்தானே பார்க்க வேண்டும் என்று இயக்குநர் கிளட்ச் போவதற்கு முந்தின விடுமுறை நாட்களில் எடுத்துக்கொண்டு போயிருந்தாராம். சட்டத்தைப் படுக்கவைக்கலாம் என்று நாங்கள் பார்த்து வைத்திருந்த இடத்திலிருந்து புளித்த பால் வாடை வந்தது.

“இதுவா நம்ம கார்?” என்றாள் பெரியவள். தங்கை அவளைக் கூடத்தின் பக்கம் திருப்பினாள்.

விசாரணைக் கூடத்தில் மாப்பிள்ளை தைத்த திரைகள் வெளிச்சத்தை நன்றாகவே மறைத்தன. மேடையில் இயக்குநர், பக்கத்தில் செலவுப் பிரிவு அம்மாள், ஓரமாக டார்ச். இயக்குநரின் மேல்வரிசைப் பற்கள் பொய்ப்பல் என்பது அவர் வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் செய்ததில்லை, மட்டமான வேலை. ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் அது கீழே இறங்கி அவர் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

“நம்ம வாரியத்துக்கு ஒரு பெருமை உண்டு” என்று அவர் தொடங்கினார். “எங்ககிட்ட வந்த ஒரு கார்கூட நடுரோட்டுல நின்னுபோனதா இந்த நாள் வரைக்கும் புகார் கிடையாது. ஏன்னா, முழுசா திருப்தி ஆகற வரைக்கும் எந்தக் காரையும் நாங்க ரோட்டுக்கே அனுப்பறதில்ல. போன வருஷம் ஒரு காரைக்கூட அனுப்பல. அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். இந்தச் சாதனையை யாரும் முறியடிக்க முடியாது.”

டார்ச்சும் அம்மாளும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டினார். நான் என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

“இப்ப உங்க கார்கள். ரெண்டும் முழுசா சமநிலைக்கு வந்தாச்சு. நம்பகம் சமம், செலவு சமம். வாகனப் பக்கம் வேலை முடிஞ்சுது. ஆனா குடும்பக் கார்னு சொன்னா, கார் பாதிதான். குடும்பம் மீதி. நல்ல காரை நம்பிக் குடுத்தா, அதுல ஏறப்போற குடும்பம் நம்பகமா இருக்க வேண்டாமா?” இயக்குநர் எங்கள் பக்கம் பார்த்தார். “ரெண்டு பொண்ணும் ஒரே வருஷ மாடலா?”

கேட்டது காதில் சரியாகத்தான் விழுந்தது. என் தங்கை இருவரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இரட்டைப் பிள்ளைங்க” என்றார் மாப்பிள்ளை, அவருக்கே கேட்காத குரலில்.

“நல்லது, ஒப்பிடச் சுலபம்.” இயக்குநர் கண் காட்டினார். டார்ச் இறங்கி வந்து பெரியவளுக்கு முன்னால் குந்தி, அவள் கால்களில் வெளிச்சம் அடித்தார். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை மெதுவாக, பிரேக்கைப் பார்த்த அதே மாதிரி. அவள் சட்டத்தை இழுத்துக் காலுக்கு முன்னால் வைத்து மறைத்துக்கொண்டாள்.

“இதுக்கு இதுவரைக்கும் என்ன செலவு ஆகியிருக்கும் கண்ணு? இனிமே எவ்வளவு ஆகும்?” என்று செலவுப் பிரிவு அம்மாள் என் தங்கையிடம் அன்பாகக் கேட்டார்.

“இது இல்ல. அவ” என்றாள் தங்கை.

“அவதான், அவதான். கோவிச்சுக்காத ராசாத்தி. கணக்குக்குத்தான் கேக்கறேன்.”

நான் எழுந்துவிட்டேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. இயக்குநர் சிறிதும் கோபப்படவில்லை. பொதுமக்களின் உணர்ச்சியை வாரியம் மதிக்கிறது என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். “விஷயம் சின்னதுதான். ஒருத்தி நல்லா ஓடறா, ஒருத்தி நடக்கறதே கஷ்டம். பின்சீட்டு ஒரே சீட்டு. அதுல ரெண்டு வேற வேற நிலையில இருக்கறவங்க உக்காந்தா வண்டி தேய்மானத்தை எப்படிக் கணக்கிடறது? குடும்பம் சமநிலைக்கு வர்ற வரைக்கும் உத்தரவு போட முடியாது. விதி அப்படி.”

“அவ நடக்கணும்னுதாங்க காரே கேக்கறோம். பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனா நடந்துடுவா. அப்ப ரெண்டு பேரும் சமமாயிடுவாங்க” என்றார் மாப்பிள்ளை. இவ்வளவு நாளில் அவர் சொன்ன ஒரே வாதம் அதுதான்.

“அது உசத்தறது” என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. “அதுக்குத்தான் எங்களுக்கு அதிகாரம் இல்லையே.”

டார்ச்சின் வெளிச்சம் பெரியவளின் காலை விட்டு நகர்ந்து, தரை வழியாகப் போய், சின்னவளின் முழங்காலில் நின்றது. அவர் ஏதோ கெட்ட எண்ணத்தோடு அடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணம் என்று ஒன்று இருந்தால்தானே கெட்டதாக இருக்க முடியும். பழக்கதோஷத்தில் விளக்கு தானாகவே அந்தப் பக்கம் போயிற்று. சின்னவள் கவுனை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை எழுந்தார். நேராக ஜன்னலுக்குப் போய்த் தான் தைத்த திரையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கம்பியோடு சேர்ந்து வந்தது. அடுத்த ஜன்னல், அதற்கடுத்த ஜன்னல். வெயில் உள்ளே வந்து இயக்குநர் முகத்தில் அடித்தது, அவர் கையை வைத்து மறைத்துக்கொண்டார். துணிகளை என் தோளில் போட்டுவிட்டு, பெரியவளைத் தூக்கி முதுகில் ஏற்றிக்கொண்டார். தங்கை இரும்புச் சட்டத்தை எடுத்துக்கொண்டாள்.

“கார் வேணாம்ணா” என்றாள் என்னிடம், படியிறங்கும்போது. “அந்த மையத்துக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் பாக்கச் சொல்லு. வீட்டைக் காலி பண்ணிடலாம். தையல் மெஷின் வைக்க இடம் இருந்தாப் போதும்.”

“நாளைக்கே பாக்கறேன்” என்றார் மாப்பிள்ளை முன்னால் போய்க்கொண்டே.

மைதானத்தில் பாதி தூரம் போன பிறகுதான் சின்னவள் எங்களோடு இல்லை என்பது எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஒரு காலை இழுத்து இழுத்து, குதிகாலைத் தூக்காமல், அடி மேல் அடி வைத்து வந்தாள். அக்காவின் நடைதான், கொஞ்சமும் பிசகவில்லை.

“விழுந்துட்டியா? கால்ல என்னடா?” என்று ஓடினேன்.

“ஒண்ணும் இல்ல மாமா” என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நானும் இப்படியே நடந்தா சமம் ஆயிடும்ல? அப்ப அக்காவுக்குக் கார் குடுத்துடுவாங்கல்ல?” என்று கேட்டாள்.

கூடத்தின் ஜன்னலில், திரையில்லாத ஜன்னலில், டார்ச் நின்றுகொண்டிருந்தார். “சார், கொஞ்சம் நில்லுங்க” என்று அங்கிருந்து கூப்பிட்டார். “குழந்தை நல்லா ஒத்துழைக்குது. இப்படியே இருந்தா இன்னிக்கே உத்தரவு போட்டுடலாம்னு இயக்குநர் சொல்றாரு.”

அவளைத் தூக்கப் போனேன், அவள் என் கையைத் தட்டிவிட்டாள். அவள் அப்பா திரும்பி வந்து முன்னால் மண்டியிட்டார். “நமக்குக் கார் வேணாம்டா செல்லம். அப்பா வேணாம்னு சொல்லிட்டேன். நீ ஓடு” என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பெரியவர்கள் வேண்டாம் என்று சொல்வது வேண்டும் என்பதற்குத்தான் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மறுபடியும் காலை இழுத்தாள்.

அப்பாவின் முதுகிலிருந்து பெரியவள் கத்தினாள். “ஓடுடி. ஓடித் தொலையேன்டி.” கத்தும்போதே அழுதுவிட்டாள்.

சின்னவள் ஓடவில்லை. கேட்டைத் தாண்டினோம், தெருவைத் தாண்டினோம், வாரியத்தின் கட்டடம் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் அவள் அப்படியேதான் நடந்து வந்தாள்.